வடசென்னைத் துறைமுகச் சாலைகளும் காரின் ஒலி, திரை, கேமராக் கருவிகளும்

கார் வாங்கியபின் அதில் பொருத்தப்படும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், தொடுதிரை, ரிவர்ஸ் கேமரா, டேஷ்கேம் ஆகியவை காரின் ஒலி, பல்லூடக, கேமராக் கருவிகள் எனப்படும். உயர்விலைக் கார்களில் இவற்றுள் பல தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. அடிப்படை வகைக் கார்களிலும் பழைய கார்களிலும் வெளிக்கடையில்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் ஓடும் கார்களுக்கு இந்தத் தேர்வு நகரின் மற்றப் பகுதிகளைவிடச் சற்று வேறுபடுகிறது. இங்கே பணத்தை முதலில் கேமராவுக்கும், அடுத்துத் திரைக்கும், கடைசியில் ஒலிக்கும் ஒதுக்குவது பொருத்தமானது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது வயரிங். கருவியின் விலையைவிட அது இணைக்கப்பட்ட விதமே இப்பகுதியில் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

சாலையும் காற்றும்

வாகனத் தொழில் இப்பகுதிக்குப் புதிதன்று. எம்.ஆர்.எஃப் நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் 1950-களின் நடுவிலிருந்து இங்கே தயாராயின. எண்ணூரில் அசோக் லேலண்டு ஆலை இருக்கிறது. 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், 2014 முதல் காமராஜர் துறைமுகம் என அழைக்கப்படுகிறது. ஒரகடத்தில் தயாராகும் நிசான் கார்கள் 2010 முதல் அங்கிருந்துதான் கப்பலேறுகின்றன. அந்நிறுவனத்தின் மேக்னைட் காரின் உயர் வகைகளில் காரைச் சுற்றிலும் காட்டும் நான்கு கேமராக்கள் உண்டு. அந்தக் கப்பலுக்குப் போகும் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை என்பது ஒரு முரண்.

சென்னைத் துறைமுகத்துக்கும் காமராஜர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கும் செல்லும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலை, மணலி விரைவுச் சாலை, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைச் சாலை ஆகியவற்றை நம்பியுள்ளன. இச்சாலைகளை அகலப்படுத்த எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனாலும் துறைமுக வாயில் தாமதமாகும் நாள்களில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்கின்றன. 40 அடிக் கண்டெய்னர் ஒன்றின் நீளம் 12.19 மீட்டர், அகலம் 2.44 மீட்டர். அதை இழுக்கும் வண்டியின் ஓட்டுநர் வலப்புறம் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். எனவே இடப்பக்கக் கதவை ஒட்டிய பகுதியும், முன் பம்பருக்கு நேர்கீழே உள்ள பகுதியும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடப்பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டி வருகின்றன. அந்த இடைவெளியில் நுழையும் காரோ இருசக்கர வாகனமோ நசுங்குகிறது. வரிசையில் பிரதிபலிப்பான் ஒட்டாமல், விளக்கணைத்து நிற்கும் டிரெய்லர் இரவில் இன்னொரு அபாயம்.

இது சாலையின் பக்கம். காற்றின் பக்கம், எண்ணூர் விரைவுச் சாலை கடலை ஒட்டியே போகிறது. கடல் கொந்தளிக்கும் நாள்களில் கற்சுவரைத் தாண்டித் திவலைகள் சாலையில் விழும். உப்புப் படிவு அலை உடையும் இடத்துக்கு அருகில் மிக அதிகம்; உள்நோக்கிச் செல்லச் செல்லக் குறையும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் மின்னோட்டமும் சேர்ந்தால் செம்பு வயரில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாளுதல் நின்றதால் ராயபுரத்தில் கரித்தூள் குறைந்தது. நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் அங்கே ஏற்கெனவே உண்டு. இரண்டும் பனியோடு சேர்ந்து கேமரா லென்ஸில் பசைபோல் படிகின்றன. இவற்றோடு கத்திரி வெயிலும் சேர்கிறது: வெளியே 40 டிகிரி இருக்கும் நாளில் மூடி நிறுத்திய காரின் கண்ணாடிக்கு அருகில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

டேஷ்கேம்

முன்கண்ணாடியில் ஒட்டி, சாலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் சிறு கேமரா டேஷ்கேம். இப்பகுதியில் இதன் பயனை ஒரு சட்ட விதி மூலம் விளக்கலாம். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் எதுவென்று தெரியாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டப்படி, இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். வாகனத்தின் எண் தெரிந்துவிட்டால் வழக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. அங்கே இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு தீர்மானிக்கப்படும். அந்தத் தொகை பெரும்பாலும் பல மடங்கு அதிகம். ஆக, ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகள் பத்து எழுத்து, இலக்கம் கொண்ட ஒரு பலகை படத்தில் தெரிகிறதா என்பதைப் பொறுத்திருக்கக்கூடும். பதிவில் இருப்பது தன் காரின் விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்னால் போன சைக்கிள்காரருக்கு நேர்ந்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே டேஷ்கேமை மதிப்பிட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எண் பலகை படிக்கும்படி தெரிகிறதா? பெட்டியில் அச்சிட்ட பிக்சல் எண்ணிக்கை இதற்குப் பாதி விடையே தருகிறது. பகலில் 1080பி தரமே அருகிலுள்ள பலகையைப் படிக்கப் போதும். இரவில் நிலைமை வேறு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். ஒளி வாங்கும் நேரம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்றால், அதற்குள் வண்டி ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; அது எண் பலகையின் நீளத்துக்கே சமம். எதிரெதிரே வரும் வாகனங்களில் இரண்டு வேகமும் கூடுவதால் மங்கல் இன்னும் மோசமாகும். இதில் மேலும் ஒரு சிக்கல், 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு எண் பலகை ஒளியைத் திருப்பி வீசுவது. பின்னால் வரும் காரின் முகப்பு விளக்கு பட்டதும் அது வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் ஹெச்.டி.ஆர் வசதியும், குறைந்த ஒளிக்கான பெரிய சென்சாரும் இதனால்தான் தேவைப்படுகின்றன. வாங்குவதற்கு முன் அந்தக் கேமராவில் எடுத்த இரவுப் பதிவைக் கடையில் கேட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. பகல் பதிவில் எல்லாக் கேமராக்களும் அழகாகவே தெரியும்.

மின்சேமிப்பு முறையையும் பார்க்க வேண்டும். டேஷ்கேமினுள் லித்தியம் பேட்டரி உள்ளவை, சூப்பர்கெப்பாசிட்டர் உள்ளவை என இரண்டு வகை உண்டு. சென்னை வெயிலில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பிப்போக வாய்ப்புண்டு. சூப்பர்கெப்பாசிட்டர் சில நொடிகளுக்கே மின்சாரம் வைத்திருக்கும். கடைசிக் கோப்பை மூடிச் சேமிக்க அது போதும், வெப்பத்தையும் தாங்கும். விலை சற்றுக் கூடினாலும் இங்கே இரண்டாவதே ஏற்றது.

மெமரி கார்டு நிரம்பியதும் டேஷ்கேம் பழைய பதிவின்மேல் புதியதை எழுதும். நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி இடம் பிடிக்கும். 64 ஜிபி கார்டில் 9 மணி நேரம் அடங்கும். பின்கேமராவும் சேர்ந்தால் அதில் பாதி. மாலையில் பார்த்த மோதலை மறுநாள் மதியம் தேடினால் அது அழிந்துபோயிருக்கும். அதிர்வு உணரி சில கோப்புகளைத் தானே பூட்டிவைக்கும். ஆனால் மோதல் வேறு வாகனங்களுக்கு இடையே நடந்திருந்தால் தன் காரில் அதிர்வே இருக்காது. பூட்டும் பொத்தானைக் கையால் அழுத்த வேண்டும். ஓயாமல் எழுதி அழிப்பதைத் தாங்கும் 'ஹை எண்டுரன்ஸ்' வகைக் கார்டு தேவை. செல்பேசிக்கான சாதாரணக் கார்டு சில மாதங்களில் சொல்லாமல் செத்துவிடலாம். விபத்து நடந்த அன்றுதான் அது தெரியவரும்.

நிறுத்திய காரைக் கண்காணிக்கும் வசதிக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால் ஓர் இரவின் 12 மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி கொண்ட சிறிய கார் பேட்டரிக்கு அது பெரிதில்லை. நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் 28.8 ஆம்பியர் மணி. வண்டி ஸ்டார்ட் ஆகாது. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் இணைப்பைத் துண்டிக்கும் வயரிங் கிட் இதற்காகவே விற்கப்படுகிறது. அது இல்லாமல் நேரடியாகப் பேட்டரியில் கொடுப்பது தவறு.

பதிவைச் சான்றாகக் கொண்டுசெல்வதற்கும் முறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. ஒரு பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றதை நிபுணரும் தர வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பு அதில் இடம்பெறும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருக்கப்பட்டது; மூலக்கோப்பு அன்று. எனவே கார்டைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டு வேறு கார்டு போடுவது நல்லது. கேமராவின் கடிகாரம் சரியாக இருப்பதும் முக்கியம். 2017 என்று தேதி காட்டும் பதிவை எதிர்த்தரப்பு எளிதில் கேள்விக்குள்ளாக்கும். ஜிபிஎஸ் உள்ள கேமரா தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். வேகத்தையும் அது பதிக்கும் என்பதை உரிமையாளர் நினைவில் வைக்க வேண்டும். சான்று இரு பக்கமும் வெட்டும்.

சி.ஐ.எஸ்.எஃப் காவலில் உள்ள துறைமுக வளாகத்துக்குள் அனுமதியின்றிப் படமெடுக்கக்கூடாது. வேலை நிமித்தம் உள்ளே செல்லும் கார்களில் வாயிலுக்கு முன்பே டேஷ்கேமின் இணைப்பைக் கழற்றிவிடுவது சிக்கலைத் தவிர்க்கும்.

பின்புறமும் இடப்புறமும்

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் பின்புறத் தடையை ஒலியால் எச்சரிக்கும் பார்க்கிங் சென்சார் கட்டாயம். கேமரா கட்டாயமில்லை. அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதிய கார்களிலும் பின்கேமரா கட்டாயமானது. சொந்த வீட்டு வாசலில் தந்தை பின்னோக்கி எடுத்த காரில் சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தை கேமரன் கல்பிரான்சனின் பெயரில் 2008-இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு அடிப்படை. அந்த விதி இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. காருக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் கொண்ட பரப்பு தெரிய வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிக்குள் படம் வர வேண்டும். இந்தியாவில் கடையில் பொருத்தும் கேமராவையும் இதே அளவுகோலால் சோதிக்கலாம். மலிவான ஆண்ட்ராய்டு திரைகள் பல இந்த இரண்டாவது சோதனையில்தான் தோற்கின்றன. காலையில் வண்டியை எடுத்ததும் திரை விழித்தெழவே அரை நிமிடம் ஆகும். அதற்குள் கார் பின்னால் போய்விட்டிருக்கும். ராயபுரம், காசிமேட்டுத் தெருக்களில் குழந்தைகள் விளையாடும் இடமும் கார் நிற்கும் இடமும் ஒன்றே என்பதால் இது சிறிய குறையன்று.

கேமராவின் உறை ஐபி67 தரம் கொண்டதாக இருக்க வேண்டும். தூசி நுழையாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் அந்தத் தரம் கேமராத் தலைக்கு மட்டுமே. அதன் வாலில் உள்ள கனெக்டருக்குப் பொருந்தாது. எனவே கனெக்டரை டிக்கிக் கதவின் உட்பக்கம் கொண்டுவர வேண்டும். வயர் நுழையும் துளையில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். அகன்ற கோண லென்ஸ் பொருள்களை உண்மையைவிடத் தொலைவில் காட்டும் என்பதால், வண்ணக் கோடுகளை நம்புவதற்கு முன் ஒரு கல்லை ஒரு மீட்டரில் வைத்துத் திரையில் அது எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. லென்ஸில் படிந்த சாம்பலை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே பொருத்தும் பக்கவாட்டுக் கேமரா, காரின் இடப்பக்கம் நெருங்கும் இருசக்கர வாகனத்தைக் காட்டும். கண்டெய்னர் லாரியின் மறைபகுதியில் கார் இருக்கிறதா என்பதைச் சொல்லும் கேமரா காரில் எதுவும் இல்லை. அதற்குப் பழைய விதியே உண்டு: லாரியின் பக்கக் கண்ணாடியில் அதன் ஓட்டுநரின் முகம் தெரியவில்லையென்றால் அவருக்கும் கார் தெரியவில்லை. தீர்வு லாரியில்தான் இருக்க வேண்டும் என்று லண்டன் முடிவுசெய்தது. அங்கே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஓட்டுநரின் நேரடிப் பார்வையை நட்சத்திரமிட்டு அளக்கும் விதி 2021 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தவை கேமராவும் சென்சாரும் பொருத்தினால்தான் நகருக்குள் வர முடியும்.

லாரியில் பொருத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று: கார் 12 வோல்ட், கனரக லாரி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். 12 வோல்ட் கேமராவுக்காக அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு பேட்டரி குறைந்தும் மற்றது அதிகமாக ஏறியும் இரண்டுமே சீக்கிரம் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரோ இரண்டிலும் இயங்கும் கேமராவோதான் சரி.

திரை

பழைய ஸ்டீரியோவின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இது சிங்கிள் டின் எனப்படும். உயரம் 100 மில்லிமீட்டர் என்றால் டபுள் டின். இன்றைய 9, 10 அங்குலத் திரைகளுக்குக் காரின் மாடலுக்கேற்ற சட்டம் தனியாக வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே இரண்டும் செல்பேசியின் செயலிகளையே திரையில் காட்டுகின்றன. ஆகவே திரைக்குள்ளேயே தனி ஆண்ட்ராய்டு இருப்பது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. விரைவாக விழித்தெழும் எளிய திரையே மேல். ஓட்டும்போது படம் ஓடுவதைத் தடுக்க ஹேண்ட்பிரேக்கோடு இணைக்கும் வயர் ஒன்று திரையோடு வரும். அதை நேராக எர்த்தில் முறுக்கிவிட்டுத் தடையை நீக்கித் தருவது கடைகளில் சாதாரணமாகக் காணப்படும் 'சலுகை'. எரணாவூர் மேம்பாலத்தில் முன்னும் பின்னும் டிரெய்லர் போகும்போது அந்தச் சலுகையின் விலை தெரியும்.

ஒலி

ஸ்டீரியோவின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் தரக்கூடியது கணக்குப்படியே ஏறத்தாழ 26 வாட். நடைமுறையில் 20-க்கு அருகில். மிச்சம் விளம்பரம். ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் கூடும். 89 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் போட்டாலும் அதே 3 டெசிபல் கிடைக்கும், ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே. சாதாரணக் காருக்கு முன்கதவில் நல்ல ஒரு ஜோடி 6.5 அங்குல ஸ்பீக்கர் போதும். பின்தட்டில் வைக்கும் 6×9 அங்குல ஸ்பீக்கர் எண்ணிக்கைக்கு உதவும், கேட்பதற்கு அவ்வளவாக உதவாது.

கடலோரத்தில் காகிதக் கூம்பு ஈரத்தில் ஊதிப்போகும். நுரை விளிம்பு வெயிலில் பொடியாகும். பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் தாங்கும். கதவினுள் மழைநீர் இறங்குவது இயல்பு. அதைத் தடுக்கக் கதவின் உள்பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்து எறிந்துவிடுவது பொதுவான அலட்சியம். சத்தம் குறைக்க ஒட்டும் தாளில் தார் வகை வெயிலில் இளகி வழியும். பியூட்டைல் வகை நிலைக்கும். எதை ஒட்டினாலும் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மூடிவிடக்கூடாது. மூடினால் உப்புநீர் தேங்கிக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

முன்இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர் வைப்பது இடத்தை மிச்சப்படுத்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எரணாவூர், மணலி வட்டாரங்களில் எண்ணெய் கலந்த வெள்ளம் சூழ்ந்ததை நினைத்தால், பின்இருக்கையின் முதுகுப்புறத்தில் உயரமாகப் பொருத்துவதே அறிவுடைமை.

எவ்வளவு சத்தம் என்பதும் தேர்வின் ஒரு பகுதி. 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரமே. லாரியின் ஹார்னையும், கிளீனர் பலகையைத் தட்டும் ஓசையையும் மறைக்கும் ஒலி இச்சாலைகளில் காதுக்கு மட்டும் கேடன்று. ரிவர்ஸ் போட்டதும் பாட்டைத் தணிக்கும் அமைப்பு பல திரைகளில் உண்டு. பொருத்துபவரிடம் அதை இயக்கித் தரச் சொல்ல வேண்டும்.

வயரிங்

400 வாட் தரும் ஏபி வகை ஆம்ப்ளிஃபையர், எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையே ஒலியாக்கும். 13.8 வோல்ட்டில் அது முழு ஆற்றலில் 48 ஆம்பியர் இழுக்கும். டி வகை என்றால் சுமார் 35. வீட்டில் மின்சார அடுப்பு இழுப்பதைவிட இது பல மடங்கு. அதற்குரிய வயர் 16 முதல் 20 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்ட முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான். வெட்டிய முனையில் உப்புக்காற்று பட்டால் வெகு சீக்கிரம் அரித்துப்போகும். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அதுவே போதிய சோதனை.

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற அன்று, வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அது பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் சுவரைக் கடக்கும் இடத்தில் தகரம் வயரின் உறையை அறுத்துவிட்டால், ஃபியூஸ் இல்லாத வயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். காரில் தீப்பிடிக்க அது போதும். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்து, பேட்டரிப் பக்கம் ஒன்றும் வைக்காமல் விடுவது பாதுகாப்பே இல்லாததற்குச் சமம்.

இணைப்புகளில் பேச்சுவழக்கில் 'கப்ளர் டு கப்ளர்' எனப்படும் முறையே சிறந்தது. காரின் சொந்த வயரை வெட்டாமல், அதன் கப்ளருக்குப் பொருந்தும் இடைவயரைச் செருகுவது இம்முறை. உறையைக் கடித்துப் பிடிக்கும் நீலநிறக் கிளிப்புகள் செம்பு இழைகளை அறுத்து உப்புக்கு வழிவிடும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முனையை அழுத்திப் பிடித்து, உள்ளே பசையுள்ள சுருங்குகுழாயால் மூட வேண்டும். எர்த்துக்குப் பெயிண்டைச் சுரண்டி வெற்றுத் தகரத்தில் போல்ட் போட்டு, முறுக்கியபின் அதன்மேல் வாஸ்லினோ பெயிண்டோ பூச வேண்டும். பூசாமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் துருவேறி, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கத் தொடங்கும். பலர் அதைக் கேட்டு ஆம்ப்ளிஃபையரை மாற்றிவிடுகிறார்கள்.

டேஷ்கேம் வயரை முன்தூணின் மூடிக்குள் சொருகுவது ஐந்து நிமிட வேலை. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அந்த மூடிக்குப் பின்னால்தான் ஏர்பேக் மடிந்திருக்கும். வயர் அதன்முன் குறுக்கே போனால் ஏர்பேக் விரிவது தடைபடலாம், அல்லது வயரும் கிளிப்பும் முகத்தில் எறியப்படலாம். வயர் ஏர்பேக்குக்குப் பின்னால், காரின் சொந்த வயர்க் கட்டோடு சேர்ந்து போக வேண்டும். மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ உள்ள வயர் ஏர்பேக்குக்குரியது. அதைத் தொடக்கூடாது, சோதனை விளக்கு வைத்துப் பார்க்கவும் கூடாது. வேலைக்கு முன் பேட்டரி முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருப்பது விதி.

காப்பீடும் கடையும்

வெளியில் பொருத்திய மின்னணுக் கருவிகள் காரின் காப்பீட்டு மதிப்பில் தாமாகச் சேர்வதில்லை. அவற்றின் மதிப்பைத் தனியாகக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் இழப்பீடு கிடைக்கும். வயரை வெட்டிப் பொருத்தியதால் வந்த கோளாறுக்குக் கார் நிறுவனத்தின் வாரண்டி மறுக்கப்படலாம். ஆகவே பொருத்துக்கூலியும் சேர்த்து ரசீது வாங்குவது அவசியம்.

சென்னையில் கார் உதிரி அலங்காரக் கடைகள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நெருக்கமாக உள்ளன. மின்னணுப் பொருள்களுக்கு ரிச்சி தெரு. பழைய உதிரிகளுக்குப் புதுப்பேட்டை. துறைமுகத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் உருவாக்கிய பர்மா பஜார் ஒருகாலத்தில் வெளிநாட்டுக் கார் ஸ்டீரியோவுக்குப் பெயர்பெற்றிருந்தது. பொருளை எங்கே வாங்கினாலும், பொருத்தும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு அருகில் இருப்பது வசதி. களிம்பு ஏறிய கப்ளரைச் சுத்தம் செய்ய ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரிடம் போக வேண்டியிருக்கும். வண்டியை எடுத்து வருவதற்கு முன் அங்கேயே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. ஏர்பேக் விளக்கு ஸ்டார்ட் செய்தபின் அணைகிறதா, ரிவர்ஸ் போட்டதும் இரண்டு நொடிக்குள் படம் வருகிறதா, சாவியை எடுத்தபின் திரை முழுவதும் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். டேஷ்கேமின் கார்டைக் கழற்றி, அதில் பதிவான கடைவாசல் காட்சியில் எதிரே நிற்கும் வண்டியின் எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்கலாம்.